முதன்முறையாகச் சோயா போடும் நிலத்துக்கு ரைசோபியம் எவ்வளவு அவசியம்?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இதுவரை சோயாவே பார்க்காத இரண்டு ஏக்கரில் இந்தப் பட்டம் சோயா மொச்சை போடப் போகிறீர்கள். வாங்கிய விதையில் ஏற்கெனவே சிவப்பு நிற மருந்து பூசியிருக்கிறது. உளுந்துக்கு வாங்கியதில் மீந்த ரைசோபியம் (வேரில் முடிச்சு கட்டிக் காற்றின் நைட்ரஜனைப் பயிருக்குத் தரும் பாக்டீரியா) பாக்கெட் வீட்டில் கிடக்கிறது. அதையே கலக்கலாமா என்று கேட்கிறீர்கள். பக்கத்துத் தோட்டக்காரரோ, "அதெல்லாம் வெறும் கரித்தூள், பேசாமல் யூரியாவைப் போடுங்கள்" என்கிறார். பாக்கெட்டால் உண்மையிலேயே பலன் உண்டா, யூரியா எவ்வளவு மிச்சமாகும் என்பதுதான் உங்கள் சந்தேகம்.

உங்கள் நிலத்துக்கு ரைசோபியம் கட்டாயம் வேண்டும். உளுந்து பாக்கெட் வேண்டாம். பக்கத்துத் தோட்டக்காரர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதி எது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது.

சோயா விதையில் சுமார் 40 சதவீதம் புரதம். புரதம் என்றால் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். ஒரு டன் விதை விளைய, செடி தன் உடம்பு முழுவதற்குமாகச் சுமார் 80 கிலோ தழைச்சத்தைச் சேர்த்தாக வேண்டும். ஏக்கருக்கு 8 குவிண்டால் எடுக்க நினைத்தால் 64 கிலோ. அவ்வளவையும் யூரியாவாகக் கொடுப்பதென்றால் கணக்குக்கே மூன்று மூட்டை வரும். போட்ட யூரியாவில் பாதிதான் செடிக்குப் போய்ச் சேரும் என்று வைத்துக்கொண்டால் ஆறு மூட்டை. சோயா விற்கும் விலைக்கு இது கட்டுப்படியாகாது. நிலைமை சரியாக இருந்தால் இந்தத் தேவையில் பாதிக்கு மேல், சில இடங்களில் இன்னும் அதிகமாக, வேர்முடிச்சுகளே காற்றிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடும்.

ஆனால் அந்த முடிச்சு உருவாக வேண்டுமானால் அதற்குரிய பாக்டீரியா மண்ணில் இருக்க வேண்டும். சோயாவின் தாயகம் சீனாவும் அதைச் சுற்றியுள்ள கிழக்காசியப் பகுதியும். அதனோடு கூட்டு வாழ்க்கை நடத்தும் பிராடிரைசோபியம் ஜப்பானிக்கம் முதலான இனங்கள் அந்த மண்ணிலேயே அதனோடு வளர்ந்தவை. விதை கப்பலேறியபோது பாக்டீரியா ஏறவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க விவசாயிகள் புதிதாகச் சோயா போடும் நிலத்துக்குப் பழைய சோயா வயலின் மண்ணை வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய்த் தூவினார்கள். வேலை செய்தது, கூடவே களையும் நோயும் வந்து சேர்ந்தன. பாக்டீரியாவைத் தனியே வளர்த்து விற்கும் யோசனை அதற்கு முன்பே வந்துவிட்டது. ஜெர்மனியில் நோபே, ஹில்ட்னர் என்ற இருவர் 1896-இல் அதற்குக் காப்புரிமையே வாங்கியிருந்தார்கள். உங்கள் ஊர் உரக்கடையில் கிடைக்கும் பாக்கெட்டின் பரம்பரை அவ்வளவு பழையது.

உளுந்து பாக்கெட் ஏன் உதவாது? உளுந்து, பாசிப்பயறு, தட்டைப்பயறு, நிலக்கடலை எல்லாம் ஏறக்குறைய ஒரே கூட்டத்து பாக்டீரியாவோடு ஒத்துப்போகும். நம் மண்ணில் அந்தக் கூட்டம் ஏராளம். அதனால்தான் உளுந்தில் விதைநேர்த்தி செய்யாவிட்டாலும் ஓரளவு முடிச்சு பிடித்துவிடுகிறது. சோயா அப்படியில்லை. அதன் வேர் ஜெனிஸ்டீன், டெய்ட்சீன் என்ற வேதிப்பொருள்களை மண்ணில் கசியவிடுகிறது. அதை உணரும் பாக்டீரியா பதிலுக்குத் தன் பங்குக்கு ஒரு சமிக்ஞைப் பொருளைச் சுரக்கிறது. அந்தப் பொருளின் அமைப்பு சோயாவுக்குப் பிடித்தால்தான் வேர்த்தூவி சுருண்டு கதவைத் திறக்கும். உளுந்துக் கூட்டத்துப் பாக்டீரியாவில் சில உள்ளே நுழைந்தும் விடும். நுழைந்து, முடிச்சும் கட்டி, உள்ளே உட்கார்ந்து செடியின் சர்க்கரையைத் தின்றுகொண்டு தழைச்சத்து எதுவும் கொடுக்காமலே இருக்கும். முடிச்சு இருக்கிறதே என்று நீங்கள் நிம்மதியாக இருப்பீர்கள். செடி வெளுத்துக்கொண்டே போகும்.

இந்தச் சிக்கலுக்கு ஆப்பிரிக்காவில் வேறு வழி தேடினார்கள். நைஜீரியாவின் இபாதான் நகரில் உள்ள வெப்பமண்டல வேளாண்மைக்கான சர்வதேச நிறுவனம், உள்ளூர் தட்டைப்பயறுக் கூட்டத்து பாக்டீரியாவோடும் முடிச்சு போடும் சோயா ரகங்களை உருவாக்கியது. சிறு விவசாயிக்குப் பாக்கெட் கிடைக்காத இடத்தில் அது நல்ல யோசனை. அந்த ரகங்கள்கூடப் பல இடங்களில் சரியான பாக்டீரியாவைக் கொடுத்தபோது கூடுதலாக விளைந்தன. நம் கைக்குக் கிடைப்பது அந்த ரகமல்ல என்பதால் பாக்கெட்டில் "சோயா" அல்லது "சோயா மொச்சை" என்று பயிரின் பெயர் அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். வெறுமனே "ரைசோபியம்", "அனைத்துப் பயறு வகைகளுக்கும்" என்று போட்டிருந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இனி பக்கத்துத் தோட்டக்காரரின் கரித்தூள். பாக்கெட்டுக்குள் கண்ணுக்குத் தெரிவது பழுப்பு நிலக்கரித் தூளோ வேறு தூளோதான். பாக்டீரியாவைச் சுமந்து வருவதற்கு அது வெறும் வாகனம். நம் நாட்டு உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி ஒரு கிராம் தூளில் குறைந்தது 5 கோடி உயிருள்ள செல்கள் இருக்க வேண்டும். திரவ வடிவமென்றால் ஒரு மில்லிலிட்டரில் 10 கோடி. பிரேசிலில் சட்டப்படி ஒரு கிராமுக்கோ மில்லிலிட்டருக்கோ 100 கோடி. இந்த வித்தியாசம் வெறும் காகித விஷயமல்ல. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஏக்கருக்குச் சுமார் 30 கிலோ விதை. நூறு விதை 12 கிராம் என்று கொண்டால் இரண்டரை லட்சம் விதைகள். 200 கிராம் பாக்கெட் ஒன்றில், சட்டம் சொல்லும் குறைந்தபட்ச அளவு இருந்தால், 1,000 கோடி செல்கள். பங்கிட்டால் விதைக்கு 40,000. சோயா அளவிலான விதைக்கு ஒரு லட்சமாவது வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். பிரேசில்காரர்கள் 12 லட்சம் கேட்கிறார்கள். நாம் கலக்கும்போது கை, வாளி, சாக்கு என்று ஒட்டிப் போவது போக, உலரும்போது சாவது போக, அந்த 40,000-மும் முழுதாக மண்ணுக்குப் போகாது. பாக்கெட் வெயிலில் காய்ந்த கடையிலிருந்து வந்திருந்தால் தொடங்கும்போதே 40,000 இருக்காது. "ஏக்கருக்கு ஒரு பாக்கெட் போட்டேன், ஒன்றும் நடக்கவில்லை" என்பவரின் அனுபவம் பொய்யல்ல. அவர் போட்டது பல சமயம் உண்மையிலேயே கரித்தூள்தான்.

ஆகவே வாங்கும் இடம் முக்கியம். வேளாண்மைப் பல்கலைக்கழகம், வேளாண் அறிவியல் நிலையம், வேளாண்மைத் துறையின் உயிர் உர உற்பத்தி மையம் ஆகியவற்றிலிருந்து நேரடியாக வாங்க முடிந்தால் நல்லது. எங்கே வாங்கினாலும் தயாரித்த தேதியைப் பாருங்கள். காலாவதி தேதிக்கு இன்னும் நாள் இருக்கிறது என்பதைவிட, தயாரித்துச் சில வாரங்களே ஆகியிருக்கிறது என்பது மேல். கடைக்காரர் அதை எங்கே வைத்திருக்கிறார் என்று கவனியுங்கள். தகரக் கூரைக்குக் கீழே, பூச்சிமருந்து அட்டைப்பெட்டிகளுக்கு மேலே கிடந்தால் வாங்காதீர்கள். பாக்கெட்டைப் பிரித்தால் தூள் ஈரப்பதத்தோடு, கையில் பிடித்தால் லேசாகக் கட்டியாகும் பதத்தில் இருக்க வேண்டும். மாவுபோல உலர்ந்து பறந்தால் உள்ளே பெரிதாக யாரும் உயிரோடு இல்லை. புளித்த நாற்றமோ கெட்ட வாடையோ அடித்தால் வேறு கிருமிகள் குடியேறிவிட்டன. திரவ வடிவம் கிடைத்தால் அதையே வாங்குங்கள். எண்ணிக்கையும் கூடுதல், ஆயுளும் நீளம்.

விதைநேர்த்தி செய்யும் முறை உங்களுக்குத் தெரிந்ததுதான்: ஆறிய அரிசிக் கஞ்சியில் தூளைக் குழைத்து, விதையோடு புரட்டி, நிழலில் உலர்த்துவது. சோயாவில் மட்டும் ஓர் எச்சரிக்கை. உளுந்தைப் புரட்டுவதுபோல இதைப் புரட்டக் கூடாது. சோயா விதையின் தோல் மெல்லியது. தண்ணீர் பட்டதும் சில நிமிடங்களில் தோல் மட்டும் உப்பிச் சுருங்கும். அந்த நேரத்தில் கையால் அழுத்திப் பிசைந்தால் தோல் கழன்று பருப்பு இரண்டாகப் பிளந்துவிடும். பிறகு முளைப்பு குறையும். பழியோ ரைசோபியத்தின் மேல் விழும். கஞ்சி கெட்டியாகவும் குறைவாகவும் இருக்கட்டும். 30 கிலோ விதைக்குக் கால் லிட்டரைத் தாண்ட வேண்டாம். கெட்டித் தார்ப்பாயிலோ சுத்தமான சாக்கிலோ விதையைப் பரப்பி, கஞ்சிக் குழம்பைத் தெளித்து, இருவர் இரண்டு பக்கமும் பிடித்து உருட்டினால் போதும். கை படவே வேண்டாம். விதைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் உதிரும் பதம் வந்ததும், அரைமணி நேரம் நிழலில் வைத்துவிட்டு விதைக்கப் போங்கள். கஞ்சி சூடாக இருந்தால் அதிலேயே பாக்டீரியா வெந்துவிடும் என்று சொல்லவேண்டியதில்லை. இருந்தாலும் சொல்லிவைக்கிறேன், அவசரத்தில் நடப்பதுதான்.

கலந்த விதையை அன்றே விதைத்துவிடுங்கள். ராத்திரி வைத்து மறுநாள் விதைப்பது வேண்டாம். வெயிலில் சாக்கைத் திறந்து வைத்துக்கொண்டு ஆட்களுக்காகக் காத்திருப்பதும் வேண்டாம். காய்ந்த மண்ணில் விதைத்துவிட்டு மழையை எதிர்பார்ப்பது இதற்குச் சரிப்படாது. விதை ஒரு வாரம் தாங்கும், அதன் மேல் ஒட்டியிருப்பவை தாங்காது. மாலையில் விதைத்து உடனே தண்ணீர் கட்டுவது நல்லது.

உங்கள் உண்மையான சிக்கல் அந்தச் சிவப்பு மருந்து. திராம், கார்பன்டாசிம், கேப்டான் போன்ற பூசணக்கொல்லிகள் பூசணத்துக்காகச் செய்யப்பட்டவைதான் என்றாலும் ரைசோபியத்தையும் பாதிக்கின்றன. தாமிரம் கலந்தவை இன்னும் மோசம். மருந்து பூசிய விதையில் கஞ்சியோடு ஒட்டிய பாக்டீரியா மணிக்கணக்கில் குறைந்துகொண்டே போகும். முதலில் பூசணக்கொல்லி, அடுத்து பூச்சிக்கொல்லி, கடைசியாக ரைசோபியம் என்று வரிசை சொல்வார்கள். அந்த வரிசை சரிதான். ஆனால் அது சேதத்தைக் குறைக்கும், தடுக்காது. ஏற்கெனவே ரைசோபியம் பழகிய நிலமென்றால் இதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. உங்களுடையது கன்னி நிலம். விதையின் மேல் ஒட்டி வருவதுதான் அங்கே போகும் ஒரே கூட்டம். அது செத்துப்போனால் மாற்று ஆள் மண்ணில் கிடையாது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் விதையோடு மல்லுக்கட்டாமல் மண்ணில் போடுவேன். ஏக்கருக்கு நான்கு முதல் ஆறு பாக்கெட். இருபது கிலோ மக்கிய தொழுவுரத்தோடு கலந்து, லேசாகத் தண்ணீர் தெளித்து, நிழலில் வைத்துக்கொண்டு, விதை விழும் வரிசையிலேயே, விதைக்கு அடியிலோ ஒட்டியோ விழும்படி தூவ வேண்டும். நிலம் முழுக்க வீசினால் வீண்; வேர் அதைத் தேடிப் போகாது. பிரேசிலிலும் மருந்து பூசிய விதைக்கு இப்படிச் சாலில் விடும் வழக்கம் பரவியிருக்கிறது. விதைக்குச் சொல்லும் அளவைப்போல இரண்டரை மடங்காவது சாலில் விட வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. சாலில் போடுவதற்கு மேலாக, விதைக்கும் ஒரு பாக்கெட் கலந்து உடனே விதைத்தால் இன்னும் நல்லது. அடுத்த முறை விதை வாங்கும்போது மருந்து பூசாத விதை கேட்டு, வீட்டிலேயே டிரைக்கோடெர்மா விரிடி என்ற, நோய்ப் பூசணத்தை அடக்கும் நன்மைப் பூசணத்தைக் கலந்துகொள்ளுங்கள். அது ரைசோபியத்தோடு சண்டை போடாது.

அடியுரத்துக்கு வருகிறேன். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரை ஹெக்டேருக்கு 20 கிலோ தழைச்சத்து, 80 கிலோ மணிச்சத்து, 40 கிலோ சாம்பல் சத்து, 40 கிலோ கந்தகம். ஏக்கருக்குத் தழைச்சத்து 8 கிலோதான் வருகிறது. ஒரு மூட்டை டிஏபி போட்டால் அதிலேயே 9 கிலோ தழைச்சத்தும் 23 கிலோ மணிச்சத்தும் போய்விடுகிறது. மீதி மணிச்சத்துக்கு ஒரு மூட்டை சூப்பர் பாஸ்பேட். அதில் கொஞ்சம் கந்தகமும் உண்டு. சாம்பல் சத்துக்குப் பொட்டாஷ் உரம் 27 கிலோ. கந்தகத்தின் மிச்சத்துக்கு ஜிப்சம். யூரியா மூட்டைக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை. மணிச்சத்தைக் குறைத்துவிடாதீர்கள், முடிச்சுக்குள் நடக்கும் வேலை முழுவதும் சக்தியைத் தின்னும் வேலை, மணிச்சத்து குறைந்தால் முதலில் அடிபடுவது அதுதான்.

யூரியா ஏன் கெடுதல் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாக்டீரியா இனாமாக எதையும் தருவதில்லை. காற்றின் நைட்ரஜனை உடைக்கச் செடி தன் இலையில் சமைத்த சர்க்கரையை வேருக்கு அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். யூரியா மண்ணில் மாறி உண்டாகும் நைட்ரேட் தாராளமாகக் கிடைத்தால் செடிக்கு அந்தச் செலவு அநாவசியம். புது முடிச்சு கட்டுவதை நிறுத்திவிடும்; இருக்கும் முடிச்சுக்கும் தீனியைக் குறைத்துவிடும். நீங்கள் பாக்கெட்டும் போட்டு, இருபதாம் நாள் யூரியாவும் போட்டால், இரண்டுக்கும் காசு கொடுத்து ஒன்றின் பலனைத்தான் எடுக்கிறீர்கள். அதுவும் சில வாரங்களுக்கு மட்டும். காய்க்குள் பருப்பு கட்டும் சமயத்தில்தான் செடிக்குத் தழைச்சத்துப் பசி உச்சத்தில் இருக்கும். அதற்குள் யூரியா தீர்ந்திருக்கும், முடிச்சும் இருக்காது.

இருபதாம் நாள் என்று சும்மா சொல்லவில்லை. விதையிலையில் இருந்த சேமிப்பு தீர்ந்து, முடிச்சு இன்னும் முழுமூச்சாக வேலை தொடங்காத இடைவெளி ஒன்று உண்டு. ஏறக்குறைய இரண்டாவது வாரக் கடைசியிலிருந்து நான்காவது வாரம் வரை. அப்போது வயல் முழுக்க ஒரே சீராக வெளிர்பச்சையாகத் தெரியும். முதன்முறை சோயா போடுகிறவர் அத்தனை பேரும் பயப்படுவது இந்தக் கட்டத்தில்தான். பக்கத்துத் தோட்டக்காரர் வரப்பில் நின்று "சொன்னேனே" என்பதும் இந்தக் கட்டத்தில்தான். கையைக் கட்டிக்கொண்டிருங்கள். முடிச்சு வேலை தொடங்கியதும் ஒரு வாரத்தில் வயல் கரும்பச்சையாக மாறும்.

ஆனால் எல்லா மஞ்சளும் இந்த மஞ்சள் அல்ல. அடியிலைகள் முதலில் வெளுத்தால் தழைச்சத்துக் குறை. நுனி இலைகள் மட்டும் வெளுத்து நரம்பு பச்சையாகவே நின்றால் இரும்புச்சத்துக் குறை. சுண்ணாம்பு அதிகமுள்ள மண்ணில் சாதாரணம், யூரியா போட்டால் தீராது, சில சமயம் கூடவே செய்யும். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில செடிகளில் மட்டும் பளிச்சென்ற மஞ்சள் திட்டுகள் வந்தால் வெள்ளை ஈ கொண்டுவந்த தேமல் நோய். அந்தச் செடிகளைப் பிடுங்கி அழிக்க வேண்டும்.

முப்பது, முப்பத்தைந்தாம் நாளில் வேரைப் பாருங்கள். யூகத்துக்கெல்லாம் முடிவு அங்கே இருக்கிறது. செடியைக் கையால் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் முடிச்சுகள் மண்ணிலேயே தங்கிவிடும், "முடிச்சே இல்லை" என்று முடிவுகட்டிவிடுவீர்கள். செடியைச் சுற்றி ஒரு சாண் விட்டு மண்வெட்டியால் மண்ணோடு தோண்டி எடுத்து, வாளித் தண்ணீரில் அமுக்கி வைத்து, மண் தானாகக் கரையவிடுங்கள். வயலின் நாலைந்து இடங்களில் இப்படி எடுங்கள். ஆணிவேரின் மேல்பகுதியில், தண்டை ஒட்டி, மிளகு அளவில் உருண்டையாகக் கொத்தாக இருந்தால் அது நீங்கள் போட்ட பாக்டீரியாவின் வேலை. பக்கவேர்களில் தூரத் தூரமாகச் சிறிது சிறிதாக ஒட்டியிருந்தால் பெரும்பாலும் மண்ணில் இருந்த கூட்டம். வேரே ஆங்காங்கே தடித்து, விரலால் தேய்த்தாலும் உதிராமல் இருந்தால் அது முடிச்சே அல்ல, நூற்புழுவின் வீக்கம்.

அடுத்து நகத்தால் இரண்டு மூன்று முடிச்சுகளைப் பிளந்து பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாகவோ ரத்தச் சிவப்பாகவோ இருந்தால் வேலை நடக்கிறது. நைட்ரஜனை உடைக்கும் நொதிக்கு ஆக்சிஜன் பட்டால் ஆகாது. பாக்டீரியா மூச்சுவிடவோ ஆக்சிஜன் வேண்டும். இந்த இரண்டையும் சமாளிக்க, நம் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினுக்கு உறவான லெக்ஹீமோகுளோபின் என்ற புரதத்தைச் செடி முடிச்சுக்குள் நிரப்பி வைக்கிறது. அது ஆக்சிஜனைப் பிடித்துவைத்துக்கொண்டு அளந்து அளந்து கொடுக்கிறது. சிவப்பு அதனுடையது. (சோயாவின் இதே புரதத்தை ஈஸ்ட்டில் வளர்த்தெடுத்து, தாவர இறைச்சிக்கு நிறமும் மணமும் சேர்க்க அமெரிக்காவில் பயன்படுத்துகிறார்கள்.) உள்ளே வெள்ளையாக இருந்தால் இன்னும் பிஞ்சு, அல்லது உதவாத பாக்டீரியா. பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் அந்த முடிச்சின் ஆயுள் முடிந்துவிட்டது. பூக்கும் சமயத்தில் செடிக்குப் பதினைந்திலிருந்து முப்பது நல்ல முடிச்சு இருந்தால் கவலையில்லை. ஐம்பது அறுபது குட்டி முடிச்சுகளை எண்ணிப் பெருமைப்பட வேண்டாம். இருபது பருத்த சிவப்பு முடிச்சு அதைவிட மேல்.

ஒன்றுமே இல்லையென்றால், அல்லது இருப்பதெல்லாம் வெள்ளையாகவே இருந்தால், அப்போது யூரியா போடுங்கள். கொள்கைக்காகப் பயிரைப் பட்டினி போட வேண்டியதில்லை. ஏக்கருக்கு ஒரு மூட்டையை இரண்டாகப் பிரித்து, பூ எடுக்கும்போது ஒரு முறை, காய் பிடிக்கும்போது ஒரு முறை ஈரத்தில் கொடுக்கலாம். முழு மகசூல் வராது, போட்ட பணமாவது தேறும்.

பாக்கெட் நல்லதாக இருந்தும் முடிச்சு சரியாக வராத இடங்கள் உண்டு. தண்ணீர் தேங்கும் வயல் முதலாவது; முடிச்சு மூச்சுத் திணறிச் சாகும், ஆகவே பாத்தியைவிடப் பார் பிடிப்பது நல்லது. உவர் நிலம் இரண்டாவது. அதிக வறட்சி இன்னொன்று: சோயா தன் தழைச்சத்தை முடிச்சிலிருந்து இலைக்கு யூரைடு என்ற வடிவில் அனுப்புகிறது, இந்த வகைப் பயிர்களில் மண் ஈரம் குறையத் தொடங்கியதுமே, இலை வாடுவதற்கு முன்பே, முடிச்சின் வேலை தளர்ந்துவிடும். பூ எடுப்பதிலிருந்து காய் முற்றும்வரை தண்ணீரில் கஞ்சத்தனம் காட்டினால் அதன் விலை இங்கே தெரியும். மாலிப்டினம் என்ற நுண்ணூட்டச் சத்தைப் போடச் சொல்லி யாராவது புட்டி விற்றால், உங்கள் மண்ணின் கார அமில நிலையைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பிரேசிலின் அமில மண்ணில் அது தேவைப்படுகிறது. நடுநிலை, கார மண்ணில் அது இயல்பாகவே செடிக்குக் கிடைக்கும்.

மகசூல் எவ்வளவு கூடும் என்ற கேள்விக்கு இணையத்தில் தேடினால் ஒன்றுக்கொன்று முரணான பதில்கள் கிடைக்கும். முரண்பாடு மண்ணில் இருக்கிறது. ஹவாய்த் தீவுகளில் உள்ள மௌயியில் பல இடங்களில் நடத்தி 1991-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஒரு கிராம் மண்ணில் அந்தப் பயிருக்கு ஏற்ற பாக்டீரியா ஐம்பது இருந்தாலே வெளியிலிருந்து போடுவதன் பலன் காணாமல் போகலாம் என்று தெரிந்தது. அமெரிக்காவின் மக்காச்சோள மண்டலத்தில் பல பத்தாண்டுகளாகச் சோயா விளையும் வயல்களில் பாக்கெட் போட்டாலும் போடாவிட்டாலும் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. மத்தியப் பிரதேசத்தின் மால்வா பகுதியிலும் பழைய சோயா வயல்களில் பலன் சிறிதாக இருப்பதில் வியப்பில்லை. அங்கேயிருந்து வரும் அனுபவத்தை உங்கள் கன்னி நிலத்துக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள். முதன்முறை நிலத்தில் பாக்டீரியா இல்லாத பகுதியும் உள்ள பகுதியும் வரப்பிலிருந்து பார்த்தாலே தெரியும். நம்பாவிட்டால் ஓரமாக நான்கு பார்களைப் பாக்கெட் போடாமல் விட்டுப் பாருங்கள்.

அப்படியானால் இரண்டாம் முறை போடும்போது பாக்கெட் வேண்டாமா? இதற்குப் பிரேசில் சொல்லும் பதில் கவனிக்க வேண்டியது. செக்கோஸ்லோவாக்கியாவில் பிறந்து பிரேசிலில் குடியேறிய ஜோகன்னா டோபரைனர் என்ற மண் நுண்ணுயிரியல் அறிஞர், 1960-களிலேயே, சோயா ரகங்களைத் தழைச்சத்து உரம் போடாமலே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். அந்த வழியிலேயே போனார்கள். இன்று உலகிலேயே அதிகமாகச் சோயா விளைவிக்கும் அந்த நாடு, தழைச்சத்து உரம் அநேகமாகப் போடாமலே ஹெக்டேருக்கு 3 டன்னுக்கு மேல் எடுக்கிறது. நம் நாட்டுச் சராசரி 1 டன் அளவில் நிற்கிறது. (எல்லாம் பாக்டீரியாவால் என்று சொல்ல மாட்டேன், ரகம், மழை, மண் பராமரிப்பு எல்லாம் சேர்ந்தது.) பிரேசிலின் லண்ட்ரினா நகரில், அந்நாட்டு அரசு வேளாண் ஆராய்ச்சி நிறுவனமான எம்பிராபாவின் சோயா ஆய்வு மையத்தைச் சேர்ந்த மரியாஞ்செலா ஹங்கிரியா என்ற ஆராய்ச்சியாளர், ஏற்கெனவே பாக்டீரியா உள்ள வயலிலும் ஆண்டுதோறும் திரும்பப் போட்டால் சராசரியாக 8 சதவீதம் கூடுகிறது என்று காட்டினார். அதோடு அசோஸ்பைரில்லம் என்ற இன்னொரு பாக்டீரியாவையும் சேர்த்துப் போட்டால் சுமார் 16 சதவீதம். 2025-ஆம் ஆண்டின் உலக உணவுப் பரிசு அவருக்குத்தான் கிடைத்தது. அசோஸ்பைரில்லம் நம் ஊரில் நெல்லுக்குப் பழகிய பெயர். சோயாவில் அது முடிச்சு போடாது, வேரைப் பெருக்கி ரைசோபியத்துக்கு இடம் கொடுக்கிறது.

8 சதவீதம் சிறிதாகத் தோன்றலாம். ஏக்கருக்கு 8 குவிண்டால் எடுத்தால் அது அறுபது கிலோவுக்கு மேல். பாக்கெட் விலையோடு ஒப்பிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள். நடுவில் நெல் வைத்தீர்கள், அல்லது கடும் கோடையில் நிலம் தரிசாகக் காய்ந்தது என்றால் யோசிக்கவே வேண்டாம், திரும்பப் போடுங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. சோயாவுக்குப் பிறகு மஞ்சளோ மக்காச்சோளமோ வைக்கும்போது "பயறு வகைப் பயிர் மண்ணுக்குத் தழைச்சத்து சேர்த்திருக்கும்" என்று உரத்தைக் குறைக்கச் சொல்வார்கள். சோயாவில் அதை அப்படியே நம்ப வேண்டாம். 8 குவிண்டால் விதையோடு வயலைவிட்டு வெளியேறும் தழைச்சத்து சுமார் 50 கிலோ. செடி எடுத்த 64 கிலோவில் பாதிக்குச் சற்று மேல் காற்றிலிருந்து வந்ததாகக் கொண்டால், சேர்ந்ததைவிட வெளியே போனது அதிகம். செடியை வேரோடு பிடுங்கி, தட்டையை மாட்டுக்குப் போட்டுவிட்டால் இன்னும் குறையும். செடியை அடியில் அறுத்து, வேரை மண்ணிலேயே விட்டு, கதிரடித்த சக்கையையும் உதிர்ந்த இலையையும் அதே வயலில் மடக்கி உழுதால் நஷ்டம் பெரிதாக இருக்காது. அடுத்த பயிரின் உரத்தில் முதல் ஆண்டு கை வைக்காமல், மண் பரிசோதனை செய்துவிட்டு முடிவெடுங்கள்.